ஹானோவருக்குக் கிளம்பும் முன்

அன்பு செல்வராசுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்தது கேட்டு நிம்மதி.

2027 செப்டம்பர் 16 முதல் 22 வரை ஜெர்மனியின் ஹானோவரில் நடக்கும் ஐடிஎம்ஏ ஜவுளி மிஷின் கண்காட்சிக்குப் போய் நிட்டிங் மிஷின் பார்க்கப்போவதாக எழுதியிருந்தாய். கட்டாயம் போ. நாலு வருசத்துக்கு ஒருமுறை வருவது. போன தடவை, 2023இல், மிலானில் நடந்தது. ஆனால் உன் கணக்கை இங்கேயே போட்டுக்கொண்டு போ. கணக்கில்லாமல் போனால் விற்பவர் சொல்லும் கணக்குத்தான் மனதில் நிற்கும்.

30 டயா (சிலிண்டர் விட்டம் 30 அங்குலம்), 24 கேஜ் (அங்குலத்துக்கு 24 ஊசி), 96 ஃபீடர் (நூல் ஊட்டும் இடம்) சிங்கிள் ஜெர்சி (ஒற்றைப் பின்னல்) மிஷினை எடுத்துக்கொள். ஊசி சுமார் 2,260. லூப் லெங்த், அதாவது ஒரு கண்ணிக்குப் போகும் நூல், 2.8 மி.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு ஒரு ஃபீடர் 6.33 மீட்டர் நூல் இழுக்கும். 96 ஃபீடருக்கு 608 மீட்டர். நிமிடத்துக்கு 30 சுற்று ஓடினால் மணிக்குச் சுமார் 10.9 லட்சம் மீட்டர். 30ஆம் நம்பர் நூல் ஆயிரம் மீட்டருக்கு 19.7 கிராம். ஆக மணிக்கு 21.5 கிலோ. 85 சதவீத எஃபிசியன்சியில் 18.3 கிலோ. இதை உன் ஷெட்டில் இப்போது கிடைக்கும் கிலோவோடு ஒப்பிட்டு எழுதி வைத்துக்கொள். வித்தியாசம் எங்கே போகிறது என்பதுதான் நீ அங்கே கேட்க வேண்டிய கேள்வி.

கேட்லாக்கில் ஸ்பீட் ஃபேக்டர் (டயாவையும் நிமிடச் சுற்றையும் பெருக்கிய எண்) 1,200 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதை டயாவால் வகுத்தால் 40 சுற்று. அந்த வேகம் எந்த நூலில் என்பதை மறக்காமல் கேள். ஸ்டாலில் மிஷின் ஏசி ஹாலில், தேர்ந்தெடுத்த நூலில் ஓடும். பாலியெஸ்டர் ஃபிலமென்ட் ஓட்டினால் பஞ்சே பறக்காது. நம் கோம்டு (சீவிய) காட்டனில் பஞ்சு ஃபீடரிலும், கண்ணியைப் பிடித்துக்கொள்ளும் சிங்கர் தகட்டிலும் சேர்ந்து, நூல் அறுந்து, ஹோல் விழுந்து மிஷின் நிற்கும். அதனால் முதலில் நூல் கோனின் லேபிளைப் படி. பிறகு அரை மணி நேரம் பக்கத்திலேயே நின்று எத்தனை தடவை நிற்கிறது, எதனால் நிற்கிறது என்று எண்ணு. துணியை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நீளவாக்கில் நீடில் லைன் (ஊசிக் கோடு), ஆயில் லைன் (எண்ணெய்க் கோடு) தெரிகிறதா பார்.

விற்பனைக்காரரிடம் விலையைப் பேசு. மிஷினை ஓட்டுகிற ஃபிட்டரிடம் மற்றதையெல்லாம் கேள். 24 கேஜிலிருந்து 28க்கு மாற்ற எத்தனை மணி நேரம், சிலிண்டரோடு ஊசி, சிங்கர், கேம் (ஊசியை ஏற்றி இறக்கும் பாகம்) எவையெல்லாம் மாற்ற வேண்டும், மொத்தம் எவ்வளவு ஆகும்? இந்தச் செலவைச் சேர்க்காமல் விலையை ஒப்பிட்டால் மலிவாகத் தெரிவதே கடைசியில் அதிகமாகிவிடும். குரோஸ்-பெக்கர்ட் போன்ற ஊசிக் கம்பெனிகளும் வருவார்கள். அங்கேயும் போய் அந்த ஊசியின் விலையைத் தனியாகக் கேள்.

ஏஜென்டோடு போனால் அவருடைய ஸ்டாலுக்குத்தான் கூட்டிப்போவார், அது அவர் தொழில். முதல் நாள் தனியாகவே சுற்று. ஹால்கள் தொழில் வாரியாகப் பிரித்திருக்கும் என்பதால் நிட்டிங் பகுதியை ஒரே நாளில் முடிக்கலாம். சந்திப்பு நேரங்களை ஒரு மாதம் முன்பே மெயிலில் வாங்கிவிடு. கேட்காமல் மிஷினைப் படம் எடுக்காதே. அனுமதி கிடைத்தால் ஸ்டால் பெயர்ப்பலகையை முதலில் எடு. அப்போதுதான் ராத்திரி ரூமில் எது எவருடையது என்று தெரியும். குறிப்பை அன்றன்றைக்கே எழுதிவிடு.

‘கண்காட்சி விலை, இன்றே கையெழுத்து’ என்று அவசரப்படுத்துவார்கள். போடாதே. தூத்துக்குடி வரைக்கும் விலை, ஸ்பேர் பட்டியல், நிறுவிக்கொடுக்க வரும் ஆளின் செலவு யாருடையது, கொட்டேஷன் எத்தனை நாள் செல்லும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு திரும்பி வா. இபிசிஜி (ஏற்றுமதி செய்வதாக உறுதி கொடுத்து மிஷினை வரிச்சலுகையில் இறக்கும் அரசுத் திட்டம்) அனுமதியில் வரிச்சலுகை எடுப்பதானால், மிஷினைச் சுங்கத்திலிருந்து விடுவிக்கும் முன் அனுமதி கையில் இருக்க வேண்டும். மிச்சப்பட்ட வரியைப் போல ஆறு மடங்கு ஏற்றுமதியை ஆறு வருசத்தில் காட்ட வேண்டும்; ஆடிட்டரிடம் இப்போதே பேசு.

கண்காட்சி நாட்களில் ஹானோவரில் அறை வாடகை ஏறிவிடும். பக்கத்து ஊரான ஹில்டஸ்ஹைமில் தங்கி ரயிலில் வந்துபோகலாம்.

உன் ஷெட்டில் அடிக்கடி தப்பு வருகிற கிரே (சாயம் போடாத) துணியில் ஒரு மீட்டரைப் பெட்டியில் வைத்துக்கொள். ஒவ்வொரு ஃபிட்டரிடமும் அதையே காட்டிக் கேள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
முருகேசன்