கடலோரக் கட்டடங்களும் கலவைப் பயிற்சியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய பாம்பன் ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டபோது அதன் தூக்குப் பகுதியைப் பற்றி ஊரே பேசியது. அந்தப் பாலத்தின் காங்கிரீட்டில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் பயன்படுத்தப்பட்டதும், இரும்புப் பகுதிகளுக்கு பாலிசிலாக்சேன் என்ற துருத்தடுப்புப் பூச்சு கொடுக்கப்பட்டதும் செய்திகளில் ஓரிரு வரிகளில் முடிந்துவிட்டன. தங்கச்சிமடத்திலும் கீழக்கரையிலும் தொண்டியிலும் புதிதாக எழும்பும் வீடுகள் ஏறக்குறைய அதே உப்புக்காற்றில்தான் நிற்கின்றன. கடன் வாங்கி வீடு கட்டுகிற ஒருவரால் துருப்பிடிக்காத கம்பியை நினைத்தும் பார்க்க முடியாது. கம்பியைச் சுற்றி நிற்கும் காங்கிரீட் மட்டுமே அவருக்குக் காப்பு. அந்தக் காங்கிரீட்டின் கலவையைக் கணக்கிட்டு, எடை போட்டு, சோதித்துப் பார்க்கத் தெரிந்த பணியாளர்களை உருவாக்க எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்தில் முறையான ஏற்பாடு வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பெரும்பாலான வீட்டு வேலைகளில் கலவை என்பது சட்டிக் கணக்குதான். ஒரு மூட்டை சிமெண்டுக்கு இத்தனை சட்டி மணல், இத்தனை சட்டி ஜல்லி என்று மேஸ்திரி சொல்வார். தண்ணீரை மிக்சர் இயக்குபவர் கண் அளவில் விடுவார். கலவை சற்றுக் கெட்டியாக இருந்தால், கம்பிகளுக்கிடையே தள்ளிவிடச் சிரமப்படும் ஆள் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்பார், அதுவும் கிடைக்கும். இதில் கொத்தனாரையோ சித்தாளையோ குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை, ஏனென்றால் அவர்களுக்கு வேறு வழியை யாரும் கற்றுத் தரவில்லை. ஆனால் ஐ.எஸ். 456:2000 என்ற இந்தியத் தர நிர்ணயம் இப்படிப் பொது விகிதத்தில் கலக்கும் முறையை எம் 20 தரம் வரைதான் அனுமதிக்கிறது. எம்-க்குப் பின் வரும் எண், 28 நாளில் அந்தக் காங்கிரீட் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம் தாங்கும் என்பதைக் குறிக்கும். அதே தர நிர்ணயம் கடலோரச் சூழலைக் கடுமையான சூழல் என்று வகைப்படுத்தி, அங்கே கம்பி வைத்த காங்கிரீட்டுக்குக் குறைந்தது எம் 30 தரமும், ஒரு கன மீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமெண்டும் கேட்கிறது. தண்ணீரின் எடை சிமெண்டின் எடையில் 0.45 பங்கைத் தாண்டக்கூடாது என்றும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கடல் நீர் தெறிக்கும் இடத்துக்கு எம் 35, அலை ஏறி இறங்கும் பகுதிக்கு எம் 40. ஆக, நம் கடற்கரையில் சட்டிக் கணக்கில் போடப்படும் தளம் ஒவ்வொன்றும் விதிக்குப் புறம்பானதுதான்.

அந்த 0.45 என்ற எண்ணில்தான் எல்லாம் இருக்கிறது. சிமெண்டின் காரத்தன்மை கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்கி வைக்கிறது. கலவையில் மிஞ்சிய தண்ணீர் வெளியேறிய நுண்துளைகளின் வழியே உப்பின் குளோரைடு உள்ளே இறங்கி, அந்தப் படலத்தைக் கலைத்துவிடுகிறது. பிறகு கம்பி துருவேறி, துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் காங்கிரீட் வெடித்து உதிர்கிறது. கட்டி முடித்தபோது எந்தக் குறையும் தென்படாத சன்ஷேடுகள் சில ஆண்டுகளிலேயே கம்பி தெரிய நிற்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இதை ஏன் பயிற்சி இல்லாமல் சரிசெய்ய முடியாது என்பதற்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன். 20 மில்லிமீட்டர் ஜல்லியும் 100 மில்லிமீட்டர் ஸ்லம்பும் (கூம்பைத் தூக்கியதும் கலவை எவ்வளவு சரிகிறது என்ற இளக்க அளவு) வைத்துக்கொண்டால், ஐ.எஸ். 10262:2019 தரும் வழிமுறைப்படி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 197 லிட்டர் தண்ணீர் தேவைப்படும். தண்ணீரைக் குறைத்தும் கலவையை இளக்கமாக வைக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசர் மருந்தில் நல்லதாக ஒன்றைச் சேர்த்து அதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் 158 லிட்டர் போதும். 0.45 விகிதத்தில் அதற்கு 350 கிலோ சிமெண்ட், அதாவது ஏழு மூட்டை. காகிதத்தில் கணக்கு அழகாக முடிந்துவிட்டது. ஆனால் அந்தக் கலவைக்கு ஏறத்தாழ 700 கிலோ மணல் போகும். முதல் நாள் இரவு பெய்த மழையில் நனைந்த எம்-சாண்டின் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) மேற்பரப்பில் 5 விழுக்காடு ஈரம் இருந்தால், யாரும் ஊற்றாமலேயே 35 லிட்டர் தண்ணீர் மிக்சருக்குள் போய்விடுகிறது. விகிதம் 0.45-லிருந்து 0.55-க்கு ஏறிவிடும். உள்நாட்டில் மழையும் உப்பும் படாத கட்டடத்துக்கு ஐ.எஸ். 456 அனுமதிக்கும் உச்ச அளவு அதுதான்! மணலைக் காயவைத்து ஈரத்தைக் கணித்து, அந்த அளவுக்குத் தண்ணீரைக் குறைத்து மணலைக் கூட்டத் தெரிந்த ஒருவர் களத்தில் இல்லையென்றால், எத்தனை பெரிய பொறியாளர் கலவையை வடிவமைத்துக் கொடுத்தாலும் அது தாளோடு நின்றுவிடும். சட்டியில் அளப்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஈர மணல் உப்பிக்கொள்வதால் அதே சட்டியில் மணல் குறைவாக விழும், தண்ணீர் கூடுதலாக விழும்.

நம் மாவட்டத்துக்கென்று தனிச் சிக்கல்களும் இருக்கின்றன. கடலோரக் கிராமங்கள் பலவற்றில் நிலத்தடி நீர் உவர்ப்பு. குடிப்பதற்கே காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை நம்பியிருக்கும் இடங்களில் கட்டட வேலைக்கு நல்ல தண்ணீர் எங்கிருந்து வரும்? கம்பி வைத்த காங்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. கடல் நீரில் அது சுமார் 19,000 மில்லிகிராம் என்பதை நினைத்துப் பார்த்தால், கரையோரக் கிணற்று நீரைச் சோதிக்காமல் மிக்சரில் ஊற்றுவதும், கடற்கரை மணலைப் பூச்சுக்குத்தானே என்று அள்ளி வருவதும் எங்கே கொண்டு விடும் என்று புரியும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக வீசும் மாதங்களில் தளத்தின் மேற்பரப்பு இறுகுவதற்கு முன்பே காய்ந்து வெடிப்பு விடுவதும் இங்கே வழக்கமானதே. அந்த வெடிப்பின் மேல் சிமெண்ட் பால் ஊற்றி மறைப்பதைத் தவிர வேறு மருந்து நம் ஆட்களிடம் இல்லை.

கடலோரம் என்றாலே சல்பேட் எதிர்ப்பு சிமெண்ட்தான் வாங்க வேண்டும் என்ற எண்ணமும் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. சல்பேட் மிகுந்த மண்ணில் அஸ்திவாரத்துக்கு அது சரி. ஆனால் குளோரைடைப் பிடித்துவைக்கும் சேர்மம் அந்த சிமெண்டில் குறைவு என்பதால், உப்புக்காற்றில் நிற்கும் தூணுக்கும் தளத்துக்கும் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டோ, இரும்பு உலைக் கசடு கலந்த சிமெண்டோதான் பொருத்தமானது. அவற்றைக் குறைந்தது 10 நாளாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். சொல்வது அவர் வேலையும் அல்ல.

இத்தனையும் கற்றுத் தர ஐந்து ஆண்டுப் படிப்பு தேவையில்லை. சில வாரப் பயிற்சி போதும், ஆனால் அது கையால் செய்து பார்க்கும் பயிற்சியாக இருக்க வேண்டும். பாலிடெக்னிக்கில் சிவில் படித்த பிள்ளைகள் ஆய்வகத்தில் கலவைக் கணக்கு ஒன்றைப் போட்டு, வலிமை சோதிக்கும் காங்கிரீட் கட்டியான கியூப் வார்த்து, மதிப்பெண் வாங்கி வெளியேறுகிறார்கள். ஒரே கலவையை வெவ்வேறு குவாரியின் எம்-சாண்டில் செய்து பார்த்து, கல்தூள் கூடும்போது தண்ணீர்த் தேவை எப்படி ஏறுகிறது என்று கண்டவர்கள் அவர்களில் அரிது. எம் 30 வேண்டுமென்றால் சோதனைக் கலவை 30 நியூட்டனைத் தொட்டால் போதாது, 38.25-ஐக் குறிவைக்க வேண்டும் என்பதற்கான காரணம் அவர்களுக்குச் சூத்திரமாகத் தெரியும்; களத்தில் அளவைகள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பிசகும் என்பதை ஈடுகட்டவே அந்தக் கூடுதல் என்பது வேலையில் நின்றால்தான் உறைக்கும். சிமெண்டை 2 விழுக்காட்டுக்குள்ளும், ஜல்லி, மணல், தண்ணீரை 3 விழுக்காட்டுக்குள்ளும் பிசகாமல் எடை போடுவது, ஸ்லம்ப் பார்ப்பது, 150 மில்லிமீட்டர் கியூபை முறைப்படி குத்தி நிரப்பி 28 நாள் தண்ணீரில் வைப்பது, மிக்சருக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் கேட்பவரிடம் முடியாது என்று சொல்வது ஆகியவை பழக்கத்தால் வருபவை. கடைசியாகச் சொன்னதுதான் இவற்றில் கடினமானது என்பது களத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அமெரிக்கக் காங்கிரீட் கழகம் களச் சோதனைப் பணியாளருக்கு எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் வைத்து, ஐந்தாண்டுகளுக்கு மட்டும் செல்லும் சான்றிதழ் தருகிறது. நமக்கு அந்த முறை போதும், பாடம் நம் கரைக்கு ஏற்றதாக இருக்கட்டும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு மண்டபத்தில் அரிமான (உலோகம் துருவேறி அரிபடுதல்) ஆய்வுக்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. உப்புக்காற்றில் இரும்பு என்ன ஆகிறது என்பதை நீண்ட காலமாக அளந்து வரும் அறிவு நம் வாசலிலேயே இருக்கும்போது, அதை அரசு தொழிற்பயிற்சி நிலையங்களோடு இணைத்து ஒரு பாடமாக்குவதற்குப் பெரும் செலவு ஆகாது. ஓர் எடை மேடை, ஒரு சிறு மிக்சர், சல்லடைகள், ஸ்லம்ப் கூம்பு, கியூப் அச்சுகள், ஓர் அழுத்தச் சோதனை இயந்திரம் ஆகியவற்றோடு தொடங்கலாம். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் இதை ஏற்று நடத்தினால், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு பெற்ற மேஸ்திரிகளும் சேர முடியும். பாடம் தமிழில் இருக்க வேண்டும், பயிற்சி நாட்களுக்குக் கூலி இழப்பை ஈடுகட்ட வேண்டும். இல்லையென்றால் வருவார் யாருமில்லை.

பயிற்சி பெற்றவருக்கு வேலை இருந்தால்தான் பயிற்சி நிலைக்கும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தரப்படுகிறது. தனி வீட்டுக்கு ஒரு பணியாளரை அமர்த்துவது இயலாது. ஆனால் ஓர் ஊராட்சியில் கட்டப்படும் வீடுகள் அனைத்துக்கும் சான்று பெற்ற ஒருவரை ஒன்றிய அலுவலகமே அமர்த்தி, தளம் போடும் நாளில் மணலின் ஈரத்தையும் தண்ணீரின் அளவையும் அவர் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று விதிக்கலாம். கடலிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் நடக்கும் பொதுப்பணி, மீன்வளத் துறை ஒப்பந்தங்களிலும் இதே நிபந்தனையைச் சேர்க்கலாம். மழைக்காலம் முடிந்து தை பிறந்தால் இங்கே கட்டட வேலைகள் மும்முரமாகும். வரும் தைக்குள் முதல் குழுவாவது பயிற்சி முடித்து வெளிவரும்படி மாவட்ட ஆட்சியர் இதற்கான கருத்துருவை அரசுக்கு அனுப்ப வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கட்டுமானப் பணி மேற்பார்வையாளர் ஒருவர்,
மண்டபம்,
இராமநாதபுரம் மாவட்டம்.