இலவச வக்கீல்: வருமானச் சான்று பலருக்குத் தேவையில்லை

ஆசிரியருக்கு,

இலவசச் சட்ட உதவி என்றதும் கைதிகளுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். பாகப்பிரிவினை, ஜீவனாம்சம், வாடகைத் தகராறு போன்ற உரிமையியல் வழக்குகளுக்கும் அது உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. இது தெரியாமல் வருமானச் சான்றுக்காகத் தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடக்கும் பெண்கள் ஏராளம். அடையாளத்துக்கு ஆதார் நகலும், வழக்கு ஆவணங்களின் நகல்களும் போதும். அசலைக் கொடுத்துவிட வேண்டாம்.

நீதிமன்ற வளாகத்திலேயே உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் வெள்ளைத்தாளில் மனு எழுதித் தரலாம். 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கும் அழைக்கலாம். வக்கீல் மட்டுமல்ல, நீதிமன்றக் கட்டணமும் நகல் செலவும் இதில் அடங்கும். நியமிக்கப்பட்ட வக்கீல் 'டைப்பிங் செலவு' என்று பணம் கேட்டால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து வேறு வக்கீல் கேட்கலாம்.

பலர் கோட்டை விடுவது வழக்குப் போடுவதற்கான காலவரையறையில்தான். புரோநோட்டுக் கடனுக்கு 3 ஆண்டு. சமரசம் பேச மனு கொடுத்ததால் அந்தக் கெடு நின்றுவிடாது. சமரசத் தீர்வு காணும் மக்கள் நீதிமன்றத்தில் கையெழுத்திடும் முன் தீர்வை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்; அதன்மேல் மேல்முறையீடு இல்லை.