பணவீக்கம் இறங்கியும் செலவு இறங்காதது ஏன்?

களுவாஞ்சிகுடி

அன்புள்ள மகளுக்கு,

பணவீக்கம் இறங்கிவிட்டதாகச் செய்தியில் சொல்கிறார்களே, பிறகு ஏன் வீட்டுச் செலவு மட்டும் இறங்கவில்லை என்று சென்ற ஞாயிறு நீ தொலைபேசியில் கேட்டபோது நான் பேச்சை மாற்றிவிட்டேன். அன்றிரவு அம்மாவின் கணக்குக் கொப்பியைப் புரட்டிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

பணவீக்கம் என்பது விலை ஏறுகின்ற வேகம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அது 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதம், அடுத்த ஆண்டு அதே மாதத்தில் 1.3 சதவீதம், 2024 செப்டெம்பரில் பூச்சியத்துக்கும் கீழே 0.5. அதாவது 2021 இல் நூறு ரூபாய்க்கு வாங்கிய சாமான் ஓராண்டில் ஏறத்தாழ 170 ஆகி, பிறகு 172 ஆகி, 171 க்கு வந்து நின்றது. ஏறிய எழுபது ரூபாய் ஏறியதுதான். அம்மாவின் கொப்பியில் 2022 ஜூலைப் பக்கத்தில் பருப்பு விலையை மூன்று தடவை வெட்டி எழுதியிருக்கிறாள்; பிந்திய பக்கங்களில் வெட்டு இல்லை, பழைய விலையும் இல்லை.

விலை அப்படி ஏறியதற்குக் காரணம் உண்டு. அரசாங்கத்தில் இருந்தவர்கள் வரியைக் குறைத்துவிட்டுப் பற்றாக்குறைக்கு மத்திய வங்கியைப் பணம் அச்சிட வைத்தார்கள்; டொலரை 200 ரூபாயளவில் பிடித்து வைத்திருந்து, கையிருப்புத் தீர்ந்து 2022 மார்ச்சில் கைவிட்டதும் மே மாதத்துக்குள் அது 360 ரூபாயளவுக்குப் போனது. எரிபொருளும் உரமும் கப்பலில் வரும் நாட்டில், டொலர் ஏறிய கையோடு படுவான்கரை வயலுக்கு வாங்கும் ஓர் அந்தர் (ஏறத்தாழ ஐம்பது கிலோ) யூரியாவும் ஏறத்தானே செய்யும்.

அந்த ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை, அதாவது மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டியை, ஒரே நாளில் ஏழு சதவீதப் புள்ளிகள் உயர்த்தியபோது எனக்குக் கடும் கோபம் வந்தது. வேளாண்மைக்கு எடுத்த கடனின் வட்டி ஏறி, அம்மாவின் சங்கிலியை ஈட்டிலிருந்து மீட்க ஒன்றரை வருடம் பிடித்தது. வட்டியை ஏற்றினால் யூரியாக் கப்பல் வந்துவிடுமா என்று அன்று கேட்டேன். கப்பல் வராதுதான், ஆனால் வைப்புக்கு நல்ல வட்டி கிடைத்தால் ஆட்கள் டொலரையும் சாமானையும் பதுக்குவது குறையும், கடன் பட்டு இறக்குமதி செய்வதும் குறையும், ரூபாய் தரிக்கும். ஒரு வருடம் முந்தியே படிப்படியாக ஏற்றியிருந்தால் ஏழை விவசாயிக்கு இவ்வளவு வலித்திருக்காது என்பதில் நான் இன்றும் உறுதியாக இருக்கிறேன்.

அரசாங்கத்துக்கு மத்திய வங்கி நேரடியாகக் கடன் கொடுப்பதை 2023 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் தடுத்திருக்கிறது. எந்தக் கட்சி வந்தாலும் அதில் கை வைக்க விடக்கூடாது.

என் ஓய்வூதியம் விலைகளைப் போல அந்த 171 அளவுக்கு இன்னும் ஏறவில்லை. நீ மாதாமாதம் அனுப்புவதை இப்போதைக்குக் குறைக்காதே என்று மகளிடம் வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருந்தது. அதனால்தான் அன்று பேச்சை மாற்றினேன்.

அன்புடன்,
அப்பா