தாராவி மெடிக்கல் கடை அண்ணாச்சிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிமார்களுக்கு,

மழை தொடங்கிவிட்டது. "வயித்தால போகுது, ஏதாவது குடுங்க" என்று 90 அடி சாலைக் கடைகளுக்கு வருகிறவர்களும் கூடிவிட்டார்கள். ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த அட்டையை எடுத்து, கத்தரியால் நாலு மாத்திரை வெட்டிக் கொடுக்கிறீர்கள். அட்டையில் உள்ள சிவப்புக் கோடு டாக்டர் சீட்டு வேண்டும் என்பதற்காகத்தான் என்று உங்களுக்கு நன்றாகவே தெரியும். அந்த மாத்திரை குடலுக்குள் எதையெல்லாம் கொல்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

ஆர்னிடசோல் வயிற்றைக் கெடுக்கும் அமீபாவோடு நிற்பதில்லை. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்களையும் கொல்லும். நம் பெருங்குடலில் பெரும்பாலும் குடியிருப்பவை அவைதான். அதில் ஒன்று பாக்டீராய்டெஸ் ஃப்ராஜிலிஸ். குடலை விட்டு வயிற்றறைக்குள் கசிந்தால் சீழ்க்கட்டி உண்டாக்கும். குடலுக்குள் இருக்கும்வரை அதன் வேலையே வேறு. தன் வெளிச்சவ்வைக் கிள்ளிக் கிள்ளி நுண்பைகளாக வெளியே விடுகிறது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அதற்குள் பிஎஸ்ஏ என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. நம் எதிர்ப்பு அணுக்கள் அந்தப் பையை விழுங்கியதும், அழற்சியை அடக்கும் டி-செல்கள் என்ற வெள்ளணுக்கள் உருவாகின்றன. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் மஸ்மானியன் என்ற ஆய்வாளரின் குழு 2012இல் இதை எலிகளில் காட்டியது. அந்தப் பைகளை மட்டும் கொடுத்தே குடல் அழற்சியைத் தடுத்தார்கள். 2016இல் அதே குழு இன்னொன்றையும் கண்டது: க்ரோன் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோயோடு தொடர்புள்ள ஏடிஜி16எல்1 மரபணு வேலை செய்யாத எலிகளுக்கு இந்தப் பைகளால் பலனே இல்லை. பாக்டீரியா சொல்வதைக் கேட்க நம் பக்கமும் சரியாக இருக்க வேண்டும்.

பாக்டீரியா விடும் பைகளுக்குள், மரபணுச் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏவின் குட்டித் துண்டுகளும் போகின்றன. இதற்குத் தெளிவான சான்று குடலில் அல்ல, நுரையீரலைத் தாக்கும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவில் கிடைத்தது. அதன் ஆர்என்ஏ துண்டு ஒன்று மனித மூச்சுக்குழாய்ச் செல்லுக்குள் புகுந்து, ஐஎல்-8 என்ற அபாயச் செய்தியைக் குறைத்துவிடுகிறது. நண்பனும் பகைவனும் ஒரே தபாலைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

எலியில் கண்டதெல்லாம் அப்படியே மனிதனுக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சாதாரண வயிற்றுப்போக்கு பெரும்பாலும் தானாகவே நிற்கும். குழந்தைகளுக்குப் பல நேரம் வைரஸால் வருவது, அதை இந்த மாத்திரை தொடக்கூடச் செய்யாது. அதற்காக இவ்வளவு வேலை செய்யும் உயிர்களை ஏன் கொல்ல வேண்டும்?

ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைப் பொடி கொடுங்கள் அண்ணாச்சி. பெரிய பாக்கெட் என்றால் முழுசாக ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிக் கொடுக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள், உப்பு கூடிப் பிள்ளைக்கு ஆபத்தாகும். குழந்தைகளுக்கு ஜிங்க் (துத்தநாகம்) மருந்து 14 நாள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், கஞ்சித்தண்ணி மாதிரி நிற்காமல் போவது, பிள்ளை சோர்ந்து சிறுநீரே போகாமல் கிடப்பது என்றால் கடையில் ஒரு நிமிடம்கூட நிறுத்தாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அங்கே டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதினால், எழுதியதைக் குறைக்காமல் முழுசாகக் கொடுங்கள்.

அன்புடன்,
நுண்ணுயிரியல் படித்த உங்கள் தெருப்பெண்