விலகும் நாளில் காரணம் கேட்டுப் பயனில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆட்கள் நிலைப்பதில்லை என்று புலம்பும் நிறுவனங்களிடம் காரணம் கேட்டால், விலகுபவரிடம் காரணம் கேட்டு நிரப்பும் எக்ஸிட் இன்டர்வியூ படிவங்களை எடுத்து நீட்டுவார்கள். 'கூடுதல் சம்பளம்', 'சொந்தக் காரணம்' என்பதற்கு மேல் அவற்றில் பெரிதாக ஒன்றும் இருக்காது. ரிலீவிங் லெட்டரும் பாக்கிப் பணமும் கைக்கு வராதபோது, மேலதிகாரியின் ஏச்சு தாங்கவில்லை என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்?

விலகல் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் இதைவிடத் தெளிவு கிடைக்கும். ஓராண்டில் விலகியவர்களைச் சராசரி ஆள்பலத்தால் வகுத்து நூறால் பெருக்குவது வழக்கம். 200 பேரில் 40 பேர் போனால் 20 சதவீதம். அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அந்த 40 பேரில் 25 பேர் சேர்ந்த ஆறு மாதத்துக்குள் போயிருந்தால், நேர்காணலில் சொன்ன வேலையும் கையில் கொடுத்த வேலையும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். மூன்று, நான்கு ஆண்டு அனுபவமுள்ளவர்களே அதிகம் என்றால், பதவி உயர்வு எங்கோ அடைபட்டிருக்கலாம். எல்லோரும் ஒரே சூப்பர்வைசரின் கீழிருந்து போயிருந்தால் விளக்கமே வேண்டாம்.

அதிருப்தி முற்றித்தான் எல்லோரும் போகிறார்கள் என்றும் இல்லை. மேலாண்மை ஆய்வாளர்கள் தாமஸ் லீ, டெரன்ஸ் மிட்செல் இருவரும் 1994இல் முன்வைத்த கருத்துப்படி, ஏதோ ஒரு திடீர் நிகழ்வும் ஆளைக் கிளப்பிவிடும். தேவையான நாளில் விடுப்பு மறுக்கப்படும். எதிர்பார்த்த பதவி வேறொருவருக்குப் போகும். அதுவரை திருப்தியாக இருந்தவரும் அன்றிரவே வேறு வேலை தேடத் தொடங்கிவிடுவார்.

ஆகவே, இருப்பவர்களிடம் கேளுங்கள். சேர்ந்த 30ஆம் நாள், 90ஆம் நாள், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இருபது நிமிடம் போதும். இன்கிரிமென்ட் பேச்சோடு இதைக் கலக்கக் கூடாது; கலந்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே பதில் வரும். 'சந்தோஷமாக இருக்கிறீர்களா?' என்பது வீண் கேள்வி. 'வேலையை விட்டுவிடலாம் என்று கடைசியாக எப்போது தோன்றியது? அன்று என்ன நடந்தது?' என்று கேட்டால் விஷயம் வெளிவரும். கேட்ட இரண்டு வாரத்துக்குள், எது நடக்கும், எது நடக்காது என்று சொல்லிவிட வேண்டும். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதற்குக் கேட்காமலே இருக்கலாம். பெயர் எழுதாத சர்வேயிலும் ஒரு பொறி உண்டு: நான்கு பேர் உள்ள பிரிவில் வயதையும் அனுபவத்தையும் குறிக்கச் சொன்னால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

நலத்திட்டம் என்றதும் யோகா வகுப்பு வைப்பவர்கள் வேலை நேரத்தைக் கவனிப்பதில்லை. வாரம் 35-40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் அறிவித்தன. ஓவர்டைம் முடித்துக் களைத்தவரை மூச்சுப் பயிற்சிக்கு உட்கார வைப்பது கேலிக்கூத்து. ஷிப்ட் பட்டியலை இரண்டு வாரம் முன்னதாகக் கொடுங்கள். இரு ஷிப்ட்களுக்கு இடையே 11 மணி நேரமாவது ஓய்வு விடுங்கள். சுழற்சி காலை, மதியம், இரவு என்ற வரிசையில் போகட்டும். தலைகீழாகப் போனால் உடம்பு பழக அதிக நாள் எடுக்கும்.

ஒருவர் விலகியதும் அவர் வேலை முழுவதையும் மிஞ்சியவர்கள் தலையில் கட்டுகிறார்களே, அடுத்த ராஜினாமா பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. புதியவர் வரும்வரை எந்தெந்த வேலையை நிறுத்தி வைக்கலாம் என்ற பட்டியலை அந்த வாரமே எழுத்தில் கொடுக்க வேண்டியது மேலாளரின் பொறுப்பு.

- மனிதவளத் துறை வாசகர்