கிளிநொச்சியிலிருந்து அம்மா எழுதுவது

அன்பு மகள்,

உங்கள் தொடர்மாடிக்குப் பக்கத்துப் பொதுத்தோட்டத்தில் ஒரு துண்டு நிலம் கிடைத்ததாகவும், கழிவை மக்கவைக்கிற கூட்டெருக் குவியல் நாறுவதாகவும் சொன்னாய். தொலைபேசியில் ஆறுதலாகச் சொல்ல முடியவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

எங்களுடையதும் முதலில் நாறியது, பிள்ளை. கிளிநொச்சி டவுன் நீ பார்த்த மாதிரி இல்லை. கண்டி வீதிப் பக்கம் வளவுகள் துண்டு துண்டாகி, கிரவல் கொட்டி, சீமெந்தும் போட்டாயிற்று. ஒரு கத்தரிக்கன்று வைக்க இடமில்லாத பிள்ளைகளைத்தான் பின்னேரங்களில் சனசமூக நிலையத்து வளவுக்குத் தோட்டம் செய்யக் கூப்பிடுகிறோம். வீட்டிலிருந்து மரக்கறிக் கழிவு கொண்டுவரச் சொன்னேன். அதை மட்டுமே குவித்தோம். நாலாம் நாள் இலையான் மொய்த்தது. பக்கத்து வீட்டார் வந்து சத்தம் போட்டார்கள், அதில் பிழையும் இல்லை.

பச்சைக் கழிவு மட்டும் என்றால் காற்றுப் போகாமல் அழுகும். ஒரு வாளி சமையல் கழிவுக்கு இரண்டு, மூன்று வாளி காய்ந்தது போடு. சருகு, வைக்கோல், கிழித்த மட்டைப்பெட்டி எதுவும் சரி. நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 அடியாவது வேண்டும், சின்னக் குவியலில் சூடு தங்காது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி வருகிற ஈரம் போதும். கிழமைக்கு ஒருதரம் பிரட்டு. மீனும் இறைச்சியும் வேண்டாம், எலி வரும்.

இரண்டாந்தரம் வேலியில் வெட்டின சீமைக்கிளுவை இலையையும் மாட்டெருவையும் வைக்கோலோடு அடுக்கினோம். மூன்றாம் நாள் ஒரு சின்னப் பெடியன் முழங்கை வரை கையை விட்டு, “ஐயோ, சுடுது!” என்று இழுத்தான். நடுவில் 55, 60 பாகை செல்சியஸ் வரை ஏறும். நெருப்பில்லை மகன், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தின்று மூச்சு விடுகிற சூடு என்று சொன்னேன். இப்போது வந்ததும் எல்லாரும் குவியலைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள், காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

அம்மம்மாவுக்கு இது கைப்பழக்கம். மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் அவ எரு மக்கவைத்த குப்பைக்கிடங்கு உனக்கு ஞாபகம் இருக்காது. பக்கத்திலிருந்தும் நான் கேட்டுப் பழகவில்லை. யூரியா பாக்கை உடைத்து வீசினால் பயிர் பச்சை பிடித்தது, அது போதுமென்று இருந்துவிட்டேன். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை எடுத்தபோது காலபோக நெல் விதைப்பு தொடங்கிவிட்டது. கூட்டெரு ஆக இரண்டு, மூன்று மாதமாவது வேண்டும். ஓர் இரவில் எங்கே போய் எடுப்பது? அப்போதுதான் அம்மம்மாவை நினைத்து அழுதேன்.

மாரி வந்தால் குவியலை மூடவேண்டும். மீள்குடியேறும்போது தந்த தறப்பாளை இத்தனை வருடமும் மடித்து வைத்திருந்தேன். இப்போது அதுதான் மூடி.

ஒக்டோபரில் அங்கே தெருவெல்லாம் சருகு கிடக்கும் என்பாயே, அதைச் சாக்கில் கட்டி ஒதுக்கி வை. குளிரில் குவியல் உறைந்தாலும் பயப்படாதே. வெயில் வந்ததும் பிரட்டிவிட்டு, மூன்றாம் நாள் கையை உள்ளே விட்டுப் பார்த்து எனக்குச் சொல்லு.

அம்மா