சாட்சியம் சொல்ல அழைக்கப்படாதவர்களுக்காக ஒரு திறந்த மடல்

புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் பங்குத்தந்தையர்களுக்கும், வேதியர்களுக்கும் (பங்குகளில் மறைக்கல்வி கற்பிப்பவர்கள்), அன்பியப் பொறுப்பாளர்களுக்கும்

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

கடலூரில் தென்பெண்ணைக் கரையை ஒட்டிய பகுதியில் குடியிருக்கும் நான், பதினான்கு ஆண்டுகளாக மறைக்கல்வி வகுப்பு எடுத்து வருகிறேன். எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் சிறு குழுவான அன்பியத்தின் பொறுப்பும் ஆறு ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. நற்செய்தி அறிவிப்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம், ஆண்டவர் உங்கள் வாழ்வில் செய்ததை எடுத்துச் சொல்லுங்கள் என்றுதான் நாம் மக்களைக் கேட்கிறோம். அப்படிக் கேட்பது சரி. ஆனால் யாரைச் சொல்ல விடுகிறோம், எதைச் சொன்னால் அதைச் சாட்சியம் என்று ஏற்கிறோம் என்பதில் நாம் தவறிவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை உங்கள் முன் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

என் கணவர் சிறுநீரகங்கள் செயலிழந்து, மூன்று ஆண்டுகள் டயாலிசிஸ் செய்துகொண்டு, 2017-இல் இறந்தார். வாரத்துக்கு இருமுறை புதுச்சேரிக்குப் பேருந்தில் போய்வருவோம். ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன இடது கையைத் துண்டால் மூடிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். கிருமாம்பாக்கத்தில் ஜெபமாலையைத் தொடங்கினால் அரியாங்குப்பம் பாலத்துக்கு வரும்போது முடியும். வில்லியனூர் லூர்து மாதா கோவில் குளத்துத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்து வீட்டில் வைத்திருந்தோம். நாளொன்றுக்கு இவ்வளவுதான் தண்ணீர் குடிக்கலாம் என்று மருத்துவர் அளந்து கொடுத்திருந்ததால், அந்த அளவில் ஒரு மூடியைக் குறைத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக மாதா குளத்துத் தண்ணீரை ஒரு மூடி குடிப்பார். எல்லாரும் வேண்டினார்கள், நாங்களும் வேண்டினோம். அவர் குணமாகவில்லை.

ஏழெட்டு மாதங்கள் கழித்து ஒரு குணமளிக்கும் தியானத்துக்குப் போனேன். எந்த ஊர், யார் நடத்தினார்கள் என்பது இங்கே வேண்டாம். சாட்சியம் சொல்ல விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். நானும் வரிசையில் நின்றேன். பெயர் எழுதிக்கொண்டிருந்த தன்னார்வலர், "என்ன நோய், எப்போது குணமாச்சு?" என்று கேட்டார். குணமாகவில்லை, இறந்துவிட்டார், ஆனாலும் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது என்றேன். அவர் கடுமையாக எதுவும் பேசவில்லை. "கேக்கறவங்க விசுவாசம் தளர்ந்துடுமேம்மா" என்று மெல்லச் சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரின் பெயரைக் கேட்டார்.

நான் சொல்ல நினைத்தது இதுதான். கடைசி ஓராண்டில் என் கணவர் தமக்காக வேண்டுவதை விட்டுவிட்டார். அடுத்த கட்டிலில் டயாலிசிஸுக்கு வரும் பண்ருட்டிப் பையன் ஒருவன் இருந்தான். அவன் கிறிஸ்தவன் அல்லன். ஜெபமாலையின் ஒவ்வொரு பத்து மணியையும் அவன் பெயரைச் சொல்லியே தொடங்குவார். இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, குரு எண்ணெய் பூசி வேண்டும் நோயில் பூசுதல் பெற்ற பிறகு, "எனக்குப் பயம் போயிடுச்சு, நீ பயப்படாதே" என்றார். மூன்று ஆண்டுகளாக அவர் முகத்தில் நான் பார்த்துப் பழகிய அந்தப் பயம் அன்று அங்கே இல்லை. ஆண்டவர் எங்களுக்குச் செய்ததென்று நான் அறிந்தது அதுவே. அதைச் சாட்சியம் அல்ல என்று யார் சொன்னாலும் என் மனம் ஏற்காது.

தந்தையர்களே, இன்றைய மனிதர் போதகர்களைவிடச் சாட்சிகளுக்கே விருப்பத்தோடு செவிசாய்க்கிறார்கள் என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1975-இல் எழுதியதை நீங்கள் மறையுரைகளில் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறீர்கள். சாட்சி என்பவர் கண்டதைச் சொல்பவர். கண்டதில் பாதியை மறைத்து, நல்லபடியாக முடிந்ததை மட்டும் சொல்லச் சொன்னால், வழக்கு மன்றத்தில் அதற்கு வேறு பெயர். யோவான் நற்செய்தியில் பிறவியிலேயே பார்வையற்றிருந்தவரைப் பரிசேயர் துருவித் துருவிக் கேட்கும்போது, இயேசு பாவியா இல்லையா என்பது தமக்குத் தெரியாது என்று அவர் ஒளிவின்றிச் சொல்கிறார். தாம் பார்வையற்றிருந்ததும் இப்போது பார்ப்பதும் மட்டுமே அவருக்குத் தெரியும். தெரிந்ததைச் சொன்னார், தெரியாததற்குப் பதில் புனையவில்லை. நம் மேடைகளில் அந்த நேர்மை குறைந்து வருகிறது. கட்டி கரைந்தது, விசா கிடைத்தது, கடன் தீர்ந்தது என்பவை மட்டுமே ஒலிபெருக்கியில் வரும்போது, கட்டி கரையாதவரும் கடன் தீராதவரும் தங்கள் விசுவாசத்தில்தான் குறை என்று எண்ணிக்கொண்டு கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்திருந்ததால் இதைச் சொல்கிறேன்.

நம் மண்ணின் புனிதர் ஒருவருக்கு நற்செய்தி எப்படி வந்து சேர்ந்தது என்று எண்ணிப் பாருங்கள். 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர்ப் படையிடம் தோற்றுச் சிறைப்பட்டவர் டிலனாய் என்னும் டச்சுப் படையின் கத்தோலிக்கத் தளபதி. உடைமைகளை இழந்து மனம் உடைந்திருந்த நீலகண்டப் பிள்ளையிடம் அவர் எடுத்துச் சொன்னது, விவிலியத்தில் வரும் யோபுவின் கதை. எல்லாம் இழந்த ஒருவரிடம், தாமும் தோற்றுப்போன ஒருவர், இழப்புக்குக் காரணம் இழந்தவருக்கே சொல்லப்படாத ஒரு கதையைச் சொன்னார். கேட்டவர் 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். நம் தியானங்களில் பெயர் எழுதுகிறவரிடம் டிலனாய் வந்து நின்றிருந்தால், அவருக்கு என்ன பதில் கிடைத்திருக்கும்?

என் சாட்சியத்தை முதலில் கேட்டவர் என் பக்கத்து வீட்டுப் பெண். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை அடுத்துச் சாத்தனூர் அணையின் உபரிநீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்து வந்தபோது, எங்கள் தெருவே வெளியேற வேண்டியதாயிற்று. பள்ளிக்கூட மாடியில் ஒரே பாயில் படுத்திருந்தோம். "இவ்ளோ நடந்தும் எப்படிக்கா ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறீங்க?" என்று அவள் கேட்டாள். நான் உடனே பதில் சொல்லவில்லை. நீ எப்படிப் போகிறாய் என்று கேட்டேன். மூத்த பிள்ளை பிறந்த நாற்பதாம் நாளில் இறந்ததையும், அதற்குப் பிறகும் திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீஸ்வரர் கோவிலுக்குத் தான் போவதை நிறுத்தாததையும், திருவதிகையில் அப்பர் தம் சூலை நோயைச் சொல்லி அழுது பாடியதைச் சிறுவயதில் பாட்டியிடம் கேட்டதையும் விடியும்வரை சொன்னாள். பிறகுதான் பண்ருட்டிப் பையனைப் பற்றியும் என் கணவரின் கடைசி வார்த்தையைப் பற்றியும் நான் சொன்னேன். அவள் இன்றும் பாடலீஸ்வரர் கோவிலுக்குத்தான் போகிறாள். என் கணவரின் நினைவு நாளில் மெழுகுவர்த்தி வாங்கி வந்து கொடுக்கிறாள். திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் வெளியிட்ட நற்செய்தியின் மகிழ்ச்சி என்னும் மடலில், நற்செய்தியை ஒருவரிடம் எடுத்துச் செல்லும்போது முதற்படி உரையாடலே, அதில் மற்றவர் தம் மகிழ்ச்சியையும் கவலையையும் முதலில் பேசட்டும் என்கிறார். பள்ளிக்கூட மாடியில் எனக்கு அதன் பொருள் விளங்கியது.

பிறர் நம்பிக்கையைப் பழித்து, "முன்பு இருளில் கிடந்தேன்" என்று சொல்ல வைக்கும் சாட்சியங்களும், மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லும் சாட்சியங்களும், அழுகிறவரின் முகத்தை அனுமதியின்றிச் செல்போனில் படம் பிடித்து யூடியூபில் போடுவதும் இன்றோடு நிற்க வேண்டும். எவரையும் வற்புறுத்தியோ தகாத முறையில் கவர்ந்தோ நம்பிக்கைக்குள் இழுப்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இலேயே தடை செய்துவிட்டது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். 1745-இல் புதுச்சேரிக் கோவிலுக்குள் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து வைத்திருந்த சுவரைப் பற்றி, பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அங்கே வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அம்மக்கள் கூடிச் சென்று குருவிடம் முறையிட, சுவர் இடிக்கப்பட்டது என்பதும் அதிலேயே இருக்கிறது. இறைவன் முன் நாங்களும் பிள்ளைகள்தாமே என்று அவர்கள் போய் நின்றதும் நம்பிக்கையின் சாட்சியமே. இன்று எந்தப் பங்கிலாவது கல்லறையிலோ தேர் போகும் தெருவிலோ அந்தச் சுவரின் மிச்சம் இருந்தால், அதைப் பற்றிப் பேச வருகிறவரிடமும் மைக்கைக் கொடுங்கள். அதைக் கேட்க மனமில்லாமல் வெளியே போய் நற்செய்தி சொன்னால், கேட்பவர்கள் நம் கல்லறையைத்தான் பார்ப்பார்கள்.

வேதியர்களுக்கென்றே ஒரு நூல் எழுதித் தந்த வீரமாமுனிவர் பெரியநாயகி அன்னைக்குக் கோவில் எழுப்பிய கோணான்குப்பம் நம் மறைமாவட்டத்தில் இருக்கிறது. ஆகவே இந்தப் பொறுப்பு வேதியர்களுக்குப் புதிதன்று; மக்கள் தங்கள் கதையைச் சொல்ல அவர்களால் உதவ முடியும். வரும் அக்டோபர் மறைபரப்பு ஞாயிறன்று, ஒவ்வொரு பங்கிலும் திருப்பலி முடிந்த பிறகு பத்து நிமிடம் ஒதுக்கித் தாருங்கள். மன்றாட்டுக்கு விரும்பிய பதில் கிடைக்காமலும் நம்பிக்கையில் நிலைத்திருக்கும் ஒருவரைப் பேச அழையுங்கள். முன்னதாக அவரை அன்பியத்தில் ஒருமுறை பேசக் கேளுங்கள். பெயரைச் சொல்லலாமா, எதைச் சொல்ல வேண்டாம் என்று அவரையே கேளுங்கள். பேசத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம்.

எங்கள் அன்பியம் இரண்டாம் வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஏழு மணிக்கு, ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு வீட்டில் கூடுகிறது. போன மாதத்திலிருந்து, விவிலிய வாசகத்துக்குப் பிறகு ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பது என்று வைத்திருக்கிறோம். முதலில் பேசியவர், சுனாமியில் மகளை இழந்த மீனவத் தாய். 20 ஆண்டுகளில் இதை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்று சொல்லித்தான் தொடங்கினார். அடுத்த கூட்டம் எங்கள் வீட்டில். தந்தையர்களில் எவரேனும் வந்து எங்களோடு பாயில் உட்கார்ந்து கேட்க இசைந்தால், உங்களுக்காகக் காத்திருப்போம்.

இறைவேண்டலுடன்,
ஓர் அன்பியப் பொறுப்பாளர்,
கடலூர்